கப்பல் கரையணையும் நேரத்தில் ரப்பர் செய்யும் வேலை

பெரிய சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத் தளத்தை அணையும்போது அதன் வேகம் விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது நகர்வதே தெரியாது. ஆனால் சரக்கோடு சேர்த்து அதன் எடை 2 லட்சம் டன் என்றால், அந்த மெதுவான நகர்வுக்குள் சுமார் 1,000 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய இதே அளவுதான். கப்பலின் தகடு ஒடுங்காமல், தளத்தின் கான்கிரீட் விரிசல் விடாமல், சில விநாடிகளில் இந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். தளத்தின் முகப்பில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும் ரப்பர் ஃபெண்டர்கள் அதற்காகவே இருக்கின்றன.

ஃபெண்டர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். 500 கிலோஜூல் ஆற்றலோடு வரும் கப்பலை 70 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தும் ஃபெண்டர், சராசரியாக 70 டன் அளவுக்கு எதிர்விசை கொடுத்தால் போதும். அதே கப்பலைப் பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் எதிர்விசை 500 டன்னாக ஏறிவிடும். ஃபெண்டர் தள்ளும் விசை முழுவதும் ஒரு பக்கம் கப்பலின் பக்கத் தகட்டுக்கும், மறுபக்கம் தளத்தைத் தாங்கும் தூண்களுக்கும் போகிறது. ஆகவே இரண்டு எண்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும்: எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது, அதற்காக எவ்வளவு விசையைத் திருப்பித் தருகிறது. முதல் எண் பெரியதாகவும் இரண்டாவது சிறியதாகவும் இருக்க வேண்டும். சந்தையில் இத்தனை வகை ஃபெண்டர்கள் இருப்பதற்கு முதன்மையான காரணம் இந்த விகிதத்தை மேம்படுத்தும் முயற்சிதான்.

கப்பலின் ஆற்றலைக் கணக்கிடும் முறை பள்ளியில் படித்த அதே வாய்பாடுதான்: எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். அதன்மேல் சில திருத்தங்கள் வரும். கப்பல் பக்கவாட்டில் நகரும்போது தன்னோடு கொஞ்சம் கடல்நீரையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கப்பல் நின்றாலும் அந்த நீர் உடனே நிற்பதில்லை. அதனால் கப்பலின் எடையோடு ஒரு கூடுதல் எடையையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கப்பலுக்கு அடியில் இருக்கும் நீர் ஆழம் குறைவாக இருந்தால் இந்தக் கூடுதல் பெரியதாகும். மறுபுறம், கப்பல் சரியாக இணையாக வந்து தளத்தைத் தொடுவது அரிது. முன்பகுதியோ பின்பகுதியோதான் முதலில் தொடும். தொட்டவுடன் கப்பல் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சற்றுத் திரும்பும். ஆற்றலின் ஒரு பகுதி அந்தச் சுழற்சியில் போய்விடுவதால், ஃபெண்டர் வாங்க வேண்டியது ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

இதில் மிகவும் ஆபத்தானது வேகம். அது வர்க்கமாகப் பெருகுகிறது. விநாடிக்கு 10 சென்டிமீட்டரில் வர வேண்டிய கப்பல் 20 சென்டிமீட்டரில் வந்துவிட்டால் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. காற்று திடீரென்று வீசலாம், இழுவைப் படகு ஒன்று ஒரு நிமிடம் தாமதிக்கலாம், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணிக்கலாம். இவற்றுக்காகவே வடிவமைப்பாளர்கள் சாதாரண ஆற்றலை 1.25 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்கி வந்தார்கள். நீர்வழிப் போக்குவரத்துக் கட்டமைப்புக்கான உலகச் சங்கமான பியாங்க் 2002-இல் வெளியிட்ட வழிகாட்டி அந்த முறையைப் பின்பற்றியது. 2024-இல் அதே சங்கம் வெளியிட்ட புதிய வழிகாட்டி, துறைமுகங்களில் உண்மையாக அளக்கப்பட்ட கரையணையும் வேகங்களுக்கு முக்கிய இடம் தந்து, ஒரே பொதுக் காரணிக்குப் பதிலாக, ஒவ்வொரு நிச்சயமின்மைக்கும் தனித்தனியான பகுதிக் காரணிகளைக் கொண்டுவந்தது. என் பார்வையில் இது நெடுங்காலம் காத்திருந்த மாற்றம். அதற்கு முன் உலகம் முழுவதும் பயன்பட்டுவந்தவை புரோல்ஸ்மா என்பவரும் அவருடைய குழுவினரும் 1977-இல் தந்த, கப்பலின் அளவுக்கேற்பக் கரையணையும் வேகத்தைக் காட்டும் வரைகோடுகள். இன்றைய கொள்கலன் கப்பல்களைப் போன்றவை அன்று கடலில் இருக்கவே இல்லை.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஃபெண்டர் என்பது கட்டுப்பாட்டோடு கரையணையும் கப்பலுக்கானது, விபத்துக்கானது அல்ல. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மின்சாரம் இழந்த டாலி என்ற கொள்கலன் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியபோது அதன் வேகம் சுமார் 6.5 நாட், அதாவது விநாடிக்கு மூன்று மீட்டருக்கு மேல். கரையணையும் வேகத்தைவிட இது ஏறத்தாழ முப்பது மடங்கு. ஆற்றலில் பார்த்தால் ஆயிரம் மடங்கு. எந்த ரப்பரும் அதைத் தாங்காது. பாலத் தூண்களைக் காக்கக் கல் மேடுகளும் தனித்து நிற்கும் பெரிய கான்கிரீட் காப்புகளும் வேண்டும். ஃபெண்டர் அந்த வேலைக்கு உரியதல்ல.

ரப்பருக்கு முன்னால் மரமும் கயிறும் இருந்தன. பிரிட்டிஷ் துறைமுகங்களில் கடல் புழுவுக்கு எளிதில் இரையாகாத கிரீன்ஹார்ட் மரத்தைத் தளத்தின் முகப்பில் அடித்தார்கள். கப்பல்களின் பக்கவாட்டில் தென்னை நார்க் கயிற்றை முடைந்து செய்த உருளைகள் தொங்கின. உப்புநீரில் எளிதில் மக்காத தேங்காய் நார் இதற்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. சரக்குக் கப்பல்கள் சில ஆயிரம் டன் அளவில் இருந்தவரை இவை போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய்க் கப்பல்கள் பருக்கத் தொடங்கின. 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அந்த நீண்ட வழிக்குப் பெரிய கப்பலே லாபம் என்றானது. இரண்டு லட்சம் டன்னைத் தாண்டிய கப்பல்களை மரப்பலகை நிறுத்தாது. ரப்பர் ஃபெண்டர்கள் வேகமாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

பழைய லாரி டயர்களை இன்றும் காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் தளச் சுவரிலும் விசைப்படகுகளின் பக்கத்திலும் பார்க்கலாம். அதைக் குறைவாக மதிப்பிடத் தேவையில்லை. அறுபது டன் எடையுள்ள விசைப்படகு விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வந்து தொட்டாலும் ஆற்றல் 7.5 கிலோஜூல்தான். நல்ல கயிற்றில் சரியான உயரத்தில் கட்டிய டயர் வரிசை அந்த ஆற்றலைச் சமாளிக்கும். பெரிய கப்பலுக்கு அது உதவாததற்குக் காரணம், டயர் சிறிது அமுங்கியவுடன் தட்டையாகி, அதற்குமேல் வெறும் கெட்டியான ரப்பர்த் துண்டாக மாறிவிடுவதுதான்.

தொழிற்சாலையில் ஃபெண்டருக்கென்றே செய்த ரப்பரில் மிகப் பழைய, மிக எளிய வடிவம் உருளை. நடுவில் துளையுள்ள தடித்த ரப்பர்க் குழாயை, துளை வழியே சங்கிலியோ இரும்புக் கம்பியோ விட்டுத் தளத்தில் தொங்கவிடுவார்கள். பொருத்துவதும் மாற்றுவதும் சுலபம். உடைவதற்கென்று பெரிய பாகங்கள் இல்லை. குறை என்னவென்றால், அமுக்க அமுக்க எதிர்விசை ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் மிகவும் மென்மை, கடைசியில் மிகவும் கடுமை. வாங்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் தரும் எதிர்விசை அதிகம். ஆனாலும் பலவகைக் கப்பல்கள் வந்துபோகும் பழைய பொதுச் சரக்குத் தளங்களில் இது இன்றும் நேர்மையாக உழைக்கிறது.

உண்மையான திருப்பம், ரப்பர் வளைந்து நொடிவதைப் பயன்படுத்தியபோது வந்தது. நேராக நிற்கும் ரப்பர்ச் சுவரை மேலிருந்து அமுக்கினால் முதலில் அது நன்றாக எதிர்த்து நிற்கும். விசை வேகமாக ஏறும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்கியதும் சுவர் வளையத் தொடங்கும். வளைந்தபின் மேலும் அமுக்குவதற்குக் கூடுதல் விசை தேவைப்படாது. எதிர்விசை அதே அளவில் நிற்கும், சில சமயம் சற்று இறங்கவும் செய்யும். வளைந்த சுவர்கள் தம்மேல் தாமே மோதிக்கொள்ளும் கட்டத்தில்தான் விசை மறுபடி ஏறும். அமுங்கிய தூரத்தையும் எதிர்விசையையும் வரைபடத்தில் போட்டால், கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் வாங்கிய ஆற்றல். சீக்கிரம் மேலே ஏறி, பிறகு சமதளமாக நீளும் கோடு, குறைந்த உச்ச விசையில் அதிகப் பரப்பைத் தருகிறது. மனிதர் செய்த எளிய பொருள்களில் இதைவிட அழகாக இயற்பியலைப் பயன்படுத்துபவை குறைவு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உள்ளே இயந்திரம் இல்லை, எண்ணெய் இல்லை, வால்வு இல்லை. வடிவம் மட்டும்தான் வேலை செய்கிறது.

இந்த நொடியும் குணத்தைக் கொண்ட முதல் பெரிய குடும்பம் ஆர்ச் வகை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு சாய்ந்த கால்கள் மேலே ஒரு தலையில் சேரும். கால்களின் அடியில் பதித்த தகடுகளைப் போல்ட் போட்டுத் தளத்தில் இறுக்குவார்கள். நீளமாகவும் செய்யலாம், செங்குத்தாகவும் கிடையாகவும் பொருத்தலாம். நடுத்தரக் கப்பல்களுக்கு விலை குறைந்த, உறுதியான தேர்வு. ஆனால் அதன் கால்கள் ஒரு திசையில்தான் வலுவானவை. கப்பல் தளத்தின் நீளவாட்டில் உரசிக்கொண்டு போகும்போது, தலைப்பகுதி வெறும் ரப்பராக இருந்தால் கிழியும்.

செல் வகை இதற்கு விடை சொன்னது. நடுவில் வெற்றிடமுள்ள வட்டமான ரப்பர் உடல், இரு முனைகளிலும் எஃகுத் தகடு. வட்டம் என்பதால் எந்தத் திசையிலிருந்து வரும் உரசலுக்கும் ஒரே மாதிரி ஈடுகொடுக்கும். அமுங்கும்போது சுவர் வெளிப்பக்கம் பருக்கும். உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் வரை அமுங்கலாம், 52.5 சதவீதம் என்பது தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் வழக்கமாக இருக்கும் எண். மூன்று மீட்டர் உயரம் வரை செய்யப்படுவதால், எண்ணெய், நிலக்கரி, இரும்புத்தாது இறக்கும் தளங்களில் நெடுநாள் ஆட்சி செய்தது இதுதான்.

இன்று புதிய பெரிய தளங்களுக்கு வடிவமைப்பாளர்கள் முதலில் யோசிப்பது கூம்பு வகையை. தலை சிறுத்து அடி அகன்ற உடல் அமுங்கும்போது சுவர் தனக்குள்ளேயே மடிந்து இறங்குகிறது. அதனால் உயரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் அமுங்க முடிகிறது. கூடுதல் தூரம் அமுங்கினால் கூடுதல் ஆற்றல். எனவே அதே ஆற்றலுக்குச் சிறிய ஃபெண்டர் போதும், தளத்தின் முகப்பிலிருந்து கப்பல் நிற்கும் தூரமும் குறையும். அந்தத் தூரம் குறைந்தால் கொள்கலன் கிரேனின் கை நீளத்தில் மிச்சம் கிடைக்கும். கப்பல் சாய்வாக வந்து தொடும்போதும், பக்கவாட்டில் இழுக்கும்போதும் அகன்ற அடி அதை நிலையாக வைத்திருக்கிறது.

செல், கூம்பு இரண்டுக்கும் முன்னால் ஓர் எஃகுப் பலகை இருக்கும். பெரும்பாலோர் கண்ணில் படுவது அந்தப் பலகைதான். உழைக்கும் ரப்பர் அதன் பின்னால் மறைந்திருக்கும். பலகை இல்லாவிட்டால் முழு எதிர்விசையும் சிறிய இடத்தில் குவிந்து கப்பலின் தகட்டை உள்ளே தள்ளிவிடும். கப்பலின் பக்கத் தகடு பார்வைக்குப் பலமாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் எலும்புச் சட்டங்களுக்கு இடையே அது மெல்லியதுதான். எரிவாயுக் கப்பல்களுக்கும் தாதுக் கப்பல்களுக்கும் சதுர மீட்டருக்கு 200 கிலோநியூட்டன், அதாவது சுமார் 20 டன், என்ற அழுத்த வரம்பைப் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். எதிர்விசையை இந்த எண்ணால் வகுத்தால் எவ்வளவு பரப்புள்ள பலகை வேண்டும் என்று கிடைக்கும். பலகை பெரிதானால் எடை கூடும், அதைத் தூக்கிப் பிடிக்கச் சங்கிலிகள் வேண்டும்: எடையைத் தாங்க ஒன்று, பக்கவாட்டு இழுப்பைத் தாங்க ஒன்று, ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கம் வெளியே பிதுங்காமல் பிடிக்க ஒன்று. பலகையின் முகத்தில் அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தகடுகளைத் திருகியிருப்பார்கள். வெறும் ரப்பர் எஃகைப் பற்றி இழுக்கும். இந்தத் தகடோ வழுக்கும். கப்பல் சரக்கேற்றி ஏறி இறங்கும்போதும் அலையில் அசையும்போதும் ஃபெண்டர் பிய்ந்துபோகாமல் காப்பது இந்த வழுக்கல்.

கடலின் ஏற்ற இறக்கம் அடுத்த சிக்கல். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஓதம் சுமார் ஒரு மீட்டர் அளவுதான்; கொழும்பில் அதையும்விடக் குறைவு. நிலையான ஃபெண்டர் வைத்தால் போதும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டருக்கும் மேல் நீர் ஏறி இறங்கும் இடங்கள் உண்டு. அங்கே காலையில் ஃபெண்டருக்கு நேராக இருந்த சிறிய கப்பலின் மேல்தளம் மதியத்தில் பல மீட்டர் கீழே போய்விடும். பலகையை மிக நீளமாகச் செய்யலாம். அல்லது நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதக்கும் ஃபெண்டரை வைக்கலாம்.

மிதக்கும் வகையில் முதன்மையானது காற்றடைத்த ஃபெண்டர். அதற்கு ஒரு விசித்திரமான முன்கதை உண்டு. திமிங்கில வேட்டை நடந்த காலத்தில், நடுக்கடலில் திமிங்கிலங்களை வெட்டிப் பதப்படுத்தும் ஆலைக் கப்பலுக்கும் பக்கத்தில் வந்து நிற்கும் கப்பலுக்கும் நடுவே, கொன்ற திமிங்கிலத்தின் உடலையே ஃபெண்டராகக் கட்டிவைத்தார்கள். ஜப்பானின் யோகோஹாமா ரப்பர் நிறுவனம் 1958-இல் காற்றடைத்த மிதக்கும் ஃபெண்டரை உருவாக்கியது. உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர், நடுவே செயற்கை நூல் அடுக்குகள், வெளியே தேய்மானம் தாங்கும் ரப்பர் என்ற மூன்று உறைகள் கொண்டது. இன்றும் பல துறைமுகங்களில், யார் தயாரித்தாலும், அதை யோகோஹாமா ஃபெண்டர் என்றே அழைக்கிறார்கள்.

இதில் ஆற்றலை வாங்குவது காற்று. விட்டத்தில் 60 சதவீதம் வரை அமுங்கும். தொடும் பரப்பு அமுங்க அமுங்க விரிவதால் கப்பலின் தகட்டில் அழுத்தம் குறைவு. கப்பல் சாய்வாகத் தொட்டாலும் திறன் அதிகம் குறைவதில்லை. காற்றுக்கு வயதாவதில்லை என்பது இன்னொரு சிறப்பு. நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் மாற்றும்போது இரு பக்கமும் அசைகின்றன, தளம் என்று எதுவும் இல்லை, அங்கே 3.3 மீட்டர் விட்டமும் 6.5 மீட்டர் நீளமும் கொண்ட காற்று ஃபெண்டர்கள் வரிசையாக மிதக்கும். தொடக்கக் காற்றழுத்தம் 50 அல்லது 80 கிலோபாஸ்கல். இவற்றுக்கென்றே ஐஎஸ்ஓ 17357 என்ற உலகத் தரம் இருக்கிறது. வெளியே விமானச் சக்கரங்களின் பழைய டயர்களைக் கோத்த சங்கிலி வலையைப் போர்த்தியிருப்பார்கள். மீன்பிடித் துறைமுகத்தின் டயர் இங்கே உறையைக் காக்கும் கவசமாக வருகிறது.

நீர்மூழ்கிக் கப்பலுக்கு இதிலும் தனி ஏற்பாடு தேவை. அதன் அகன்ற பகுதி நீருக்கு அடியில் இருக்கிறது. சாதாரணமாக மிதக்கும் ஃபெண்டர் அதற்கு மேலே நின்றுவிடும். ஆகவே பாதி நீர் நிரப்பி, அடியில் எடை கட்டி, செங்குத்தாக நிற்க வைக்கிறார்கள். கடற்படைகள் விரும்பும் இன்னொரு வகை நுரை நிரப்பியது: நீரை உறிஞ்சாத பாலிஎத்திலீன் நுரை உள்ளே, பாலியூரித்தேன் தோல் வெளியே. குத்துப்பட்டாலும் காற்று இறங்கி மூழ்கும் அபாயம் இல்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இழுவைப் படகின் மூக்கில் இருக்கும் பருத்த ரப்பர், கப்பலை நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது. அதனால் பள்ளங்கள் கொண்ட கட்டைகளாகவும் பெரிய உருளைகளாகவும் செய்கிறார்கள். டி வடிவ, சதுர வடிவ ரப்பர்ப் பட்டைகள் சிறிய படகுகளுக்கும் சிறிய துறைகளுக்கும். நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறையின் வாயிலிலும், கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நீர்ப்பூட்டின் மூலையிலும் கப்பல் திரும்பி நுழையும்போது, சுழலும் சக்கர ஃபெண்டர் அதன் பக்கத்தைத் தேய்க்காமல் வழிகாட்டும்.

வடிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ரப்பர் மோசமானால் எல்லாம் வீண். இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும், வலுவூட்டும் கரித்தூளான கார்பன் கருப்பும், கந்தகமும் சேர்த்துச் சமைத்த கலவைதான் ஃபெண்டரின் உயிர். கார்பன் கருப்பு விலை கூடியது. அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தூளையும், பழைய டயரிலிருந்து மீட்ட ரப்பரையும் கலந்தால் விலை குறையும், எடை கூடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சில ஆண்டுகளில் வெயிலும் ஓசோனும் வெடிப்புகளைத் திறந்துவிடும். பொதுப்பணத்தில் கட்டும் தளங்களில் இப்படி நடந்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைக் கண்டுபிடிப்பது கடினமே அல்ல. ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் சூடாக்கினால், எவ்வளவு ரப்பர், எவ்வளவு கார்பன், எவ்வளவு சாம்பல் என்று பிரித்துச் சொல்லிவிடும்.

பட்டியலில் உள்ள எண்களையும் கேள்வி கேட்டே வாங்க வேண்டும். ரப்பர் வேகமாக அமுங்கினால் அதிகம் எதிர்க்கும், மெதுவாக அமுங்கினால் குறைவாக. எந்த வேகத்தில் சோதித்த எண் என்று சொல்லாத பட்டியல் பாதித் தகவல்தான். வெப்பமும் அப்படியே. சோதனை நடப்பது 23 டிகிரி செல்சியஸை ஒட்டி. குளிர்நாட்டில் ரப்பர் இறுகி எதிர்விசை ஏறும் என்பது அங்குள்ளவர்களின் கவலை. சென்னை வெயிலில் கறுப்பு ரப்பர் இளகி, வாங்கக்கூடிய ஆற்றல் சில சதவீதம் குறைகிறது என்பதே நம் கவலை. தயாரிப்பில் பத்து சதவீத ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தால், பட்டியலில் பார்த்த எண்ணை அப்படியே நம்பி அளவைத் தேர்ந்தெடுப்பவர் இருமுறை ஏமாறுவார்.

பொருத்திய பிறகு கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, அதைச் சுற்றியுள்ளவை. பாலிஎத்திலீன் தகடு தேய்ந்து போல்ட்டின் தலை வெளியே வந்தால் கப்பலின் பக்கத்தில் நீளமான கீறல் விழும். சங்கிலி துருப்பிடித்து ஒன்று அறுந்தால் பலகை சாய்ந்து, எல்லாப் பாரமும் ரப்பரின் ஒரு பக்கத்தில் ஏறும். எஃகுப் பலகையின் பற்றவைப்பில் நீர் புகுந்தால் வெளியே வண்ணம் நன்றாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். ஓதம் இறங்கிய நேரத்தில் படகில் போய், தளத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து இவற்றைப் பார்ப்பதுதான் சரியான சோதனை. மேலே நின்று குனிந்து பார்த்தால் பலகையின் மேல் விளிம்பு மட்டும்தான் தெரியும்.